அசலைக் கொண்டு வா

பூட்டு ரிப்பேர்காரரை அந்தத் தெருவில் 'ரெண்டிழுப்பு' என்றுதான் சொல்வார்கள். கடையைப் பூட்டியதும் ஓர் இழுப்பு. நாலடி போய்த் திரும்பி வந்து இன்னோர் இழுப்பு. ஊர்ப் பூட்டையெல்லாம் சரிசெய்து கொடுப்பவருக்குத் தன் பூட்டின் மேலேயே நம்பிக்கை கிடையாது. நகல் சாவியைக் காட்டி இன்னொன்று கேட்டால், "அசலைக் கொண்டு வா. நகலுக்கு நகல் எடுத்தா பூட்டுக்குள்ளயே மாட்டிக்கும்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

பூட்டின் மேலிருந்த சந்தேகமாவது இரண்டு இழுப்பில் தீர்ந்தது. வீட்டில் இருந்தது தீரவில்லை. கட்டிக்கொடுத்த மகளோடு மனைவி எந்நேரமும் போனும் கையுமாகப் பேசுவாள். இவர் தலை தெரிந்ததும், "உங்கப்பா வர்றார், அப்புறம் பேசறேன்" என்று முடித்துவிடுவாள். தாயும் மகளும் தன் தலையைத்தான் உருட்டுகிறார்கள் என்று இவர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பார். வாய்விட்டுக் கேட்க ரோஷம் விடாது. கேட்பதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து போனை மேசைமேல் வைத்தாள். அம்மா தனக்கு அனுப்பிய குரல் பதிவுகளையெல்லாம் ஒரு செயலியில் ஏற்றினாளாம். இனி அது அம்மா குரலில் பேசுமாம்.

"எதுக்கு இப்போ இது? என்கிட்ட ஏதாவது கையெழுத்து வாங்கணுமா?"

"ஒரு வார்த்தை பேசித்தான் பாருங்களேன்பா."

அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "நான் யாரு, தெரியுதா?" என்று போனைக் கேட்டார்.

"பெத்தவளுக்குத் தெரியாதா கண்ணு? அது கெடக்கட்டும், உங்கப்பா சாப்பிட்டாரா?"

அச்சு அசலாக அவள் குரல். ஒரு கணம் ஆடிப்போனார். அடுத்த கணமே திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த குஷி வந்துவிட்டது.

"பாத்தியா! என்னையே பிடிச்சு 'உங்கப்பா'ங்குது. சாப்பிட்டாராவாம்! உங்கம்மா ஒரு நாளாவது என்னை அப்படிக் கேட்டிருக்காளா? நீ சொல்லிக்கொடுத்திருக்கே."

"நான் எதுவும் சொல்லிக்கொடுக்கலப்பா. அம்மா என்கிட்ட பேசினதுதான் அதுக்குத் தெரியும்."

"என்ன பேசினா? அசலைக் கொண்டு வா."

மகள் தயங்கினாள். அந்தத் தயக்கமே அவருக்குப் போதுமான சாட்சியாக இருந்தது. கடைசியில் அவள் ஒரு பழைய பதிவைத் தட்டினாள். குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தத்துக்கு நடுவே, தணிந்த குரலில் அவசர அவசரமாக மனைவி பேசினாள்.

"உங்கப்பா மத்தியானம் கடையில சாப்பிட்டாரான்னு நீயே போன் பண்ணிக் கேளு. நான் கேட்டா, எதுக்குக் கேக்கறேன்னு சந்தேகப்படுவார். நான் சொன்னேன்னு சொல்லிடாதே. உங்கப்பா வர்றார், அப்புறம் பேசறேன்."

மத்தியானமானால் இன்றுவரை மகளிடமிருந்து போன் வருகிறது: "சாப்டீங்களாப்பா?" இவளுக்கு என்ன காரியம் ஆகவேண்டுமோ என்று நினைத்து, அவர் ஒரு நாளும் நேராகப் பதில் சொன்னதில்லை.

போனைப் பார்க்காமல் மகளைப் பார்த்தார்.

"சாப்பிட்டேன்னு அவகிட்ட சொல்லிடு" என்றார்.