உள்ளது உள்ளபடி

ஊரில் யார் வயலில் அறுப்பு முடிந்த தாளைக் கொளுத்தினாலும் வைரக்கண்ணு கூப்பிடாமலே போய் நிற்பார். கையில் மண்வெட்டி, தோளில் நனைத்த சாக்கு. முதலில் வரப்புப் புல்லைச் செதுக்கச் சொல்வார். சோம்பினால் தானே குனிந்து செதுக்கிவிடுவார். காற்று போகிற பக்கத்து ஓரத்தில்தான் முதல் தீயை வைக்க வேண்டும், அப்போதுதான் அது காற்றை எதிர்த்து மெல்ல நகரும் என்பார். கடல்காற்று கிளம்புவதற்குள் கடைசிப் பொறியும் அணைந்திருக்க வேண்டும். நைலக்ஸ் சேலை கட்டிய பெண் கிட்டே வந்துவிட்டால் போதும், அவர் வாயில் நல்ல வார்த்தை வராது.

“பொண்டாட்டி வெந்தது அடுப்புல. இவரு காவக் காக்குறது வயல்ல” என்று இளவட்டங்கள் சிரிக்கும். அவர் காதில் விழும். திரும்பிப் பார்க்கமாட்டார்.

பண்ணையாளாகப் பிறந்தவர் அவர். சாரங்கபாணியின் பண்ணையில் ஏர் ஓட்டி, அப்புறம் அவரிடமே இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தார். ஆட்சி மாறியது. குத்தகைதாரர்கள் பெயரைப் பதிவு செய்யலாம் என்று சட்டம் வந்தது. வைரக்கண்ணு பதிவு செய்தார். சாரங்கபாணி வழக்குப் போட்டார். பதிவு செய்தால் வழக்கு வரும் என்று இருவருக்குமே தெரியும்.

வழக்கு முடியும் வரை உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்றது கோர்ட்டு. குத்தகைக்காரனை வெளியேற்றாதே என்பதுதான் அதற்கு அர்த்தம். நம் இரண்டு புத்திசாலிகளும் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். குத்தகை வயலுக்கும் சாரங்கபாணியின் சொந்த வயலுக்கும் நடுவே ஒரு வரப்பு. அதில் மண்வெட்டி பட்டால் கோர்ட்டை மீறியதாகிவிடும் என்று சாரங்கபாணியும் தொடவில்லை, அவர் பிராது கொடுத்துவிடுவார் என்று வைரக்கண்ணுவும் தொடவில்லை. வருஷா வருஷம் அண்டை வெட்டி வரப்பை மழுமழுவென்று வைத்திருக்கிற தஞ்சாவூர்ச் சீமையில், அந்த ஒரு வரப்பில் மட்டும் இடுப்பளவு புல் வளர்ந்து காய்ந்து நின்றது. சட்டத்துக்குப் பயந்து வளர்த்த புல்!

அந்த வருஷம் சம்பாவில் குருத்துப்பூச்சி விழுந்து பாதிக்குப் பாதி பதரானது. தாளைக் கொளுத்தினால் புழு சாகும் என்றார்கள். எழுபத்தோராம் வருஷத்துத் தேர்தல் நாள் அது. வைரக்கண்ணுவும் அவர் மனைவி அம்சமும் காலையிலேயே பக்கத்து ஊருக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். மற்ற தெருக்காரர்கள் இன்னும் அங்கே வரிசையில் நின்றார்கள். ஓட்டுப் போட என்று அம்சம் நைலக்ஸ் சேலை கட்டியிருந்தாள்.

“எல்லாரும் வரட்டும் மாமா. நாலு பேரு சுத்தி நிக்காம வைக்கக் கூடாது” என்றாள்.

“காத்தே இல்ல. ஒரு நொடியில எரிஞ்சிடும். நடுவுல வரப்பு இருக்குல்ல” என்றார் அவர். தண்ணீரைத் தடுக்கிற வரப்பு தீயையும் தடுக்கும் என்று ஒரு நினைப்பு.

கிழக்கு ஓரத்தில் தீ வைத்தார். பாதி வயல் எரிவதற்குள் கடல்காற்று கிளம்பிவிட்டது. தீ மேற்கே ஓடி அந்த வரப்பில் ஏறியது. அதற்கு அந்தப் பக்கம் சாரங்கபாணியின் வைக்கோல் போர். மேட்டூர் மூடியிருந்ததால் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. வைரக்கண்ணு குடத்தை எடுத்துக்கொண்டு குளத்துக்கு ஓடினார். போர் எரிந்தால் வேண்டுமென்றே வைத்தான் என்பார்கள். குத்தகை போச்சு, ஜெயில். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

அவர் திரும்பி வந்தபோது போர் அப்படியே நின்றது. சாரங்கபாணி தன் வேட்டியை உருவி அம்சத்தின் மேல் போட்டு, மண்ணில் புரட்டிக்கொண்டிருந்தார். நைலக்ஸ் உருகித் தோலோடு ஒட்டியிருந்தது. தன் வில்வண்டியிலேயே அவளை ஏற்றி, தானே ஓட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

வாக்குமூலம் வாங்க மாஜிஸ்டிரேட் வந்தார். “எப்படியம்மா தீப்பட்டது?”

“அடுப்புல சேல பட்டுடுச்சுங்க.”

சாரங்கபாணி கதவருகே நின்றிருந்தார். வழக்கை ஒரே வார்த்தையில் ஜெயித்திருக்கலாம். போலீஸ்காரர் விசாரித்தபோது, “நான் வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்தது” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

விடிவதற்குள் அம்சம் போய்விட்டாள்.

அவளுடைய அண்ணன் மருதையன் சுடுகாட்டிலேயே கேட்டார்: “அடுப்புல வெந்தாளா, நீ வேக வச்சியா?” வைரக்கண்ணு வாய் திறக்கவில்லை. திறந்தால் அவள் சொன்னது பொய்யாகும். அவள் எதற்காக வெந்தாளோ அந்த நிலமும் போகும். மருதையன் சாகிறவரை அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கொலைகாரன் என்ற பெயரோடு ஒரு மனுஷன் சோறு தின்று நடமாட முடியுமா? வைரக்கண்ணு நடமாடினார். கொடுமைதான்.

அடுத்த வாய்தாவுக்கு சாரங்கபாணி கோர்ட்டுக்குப் போகவில்லை. அதற்கடுத்ததற்கும் போகவில்லை. வழக்கு தள்ளுபடியானது.

அதற்குப் பிறகு வருஷந்தோறும் அறுப்பு முடிந்ததும் வைரக்கண்ணு சாரங்கபாணியின் மாட்டுக்கொட்டகைக்குப் போவார். கொஞ்ச நேரம் நெல் விலை, ஆற்றுத் தண்ணீர் என்று பேச்சு போகும். அப்புறம் கேட்பார்: “அன்னைக்கு எப்படி நின்னா, சொல்லுங்கய்யா.”

இவர் பார்க்கவில்லையே! குளத்துக்கல்லவா ஓடியிருந்தார். பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

“அந்த வரப்புப் புல்லுக்கு நடுவுல நின்னு தீய அடிச்சா வைரக்கண்ணு. சாக்கு பத்திக்கிச்சு, தூக்கிப் போட்டுட்டுப் பச்சை மட்டையால அடிச்சா. சேல பத்துனதக்கூடக் கவனிக்கல. ‘எங்க மேல பழி வந்துடும்’னு கத்திக்கிட்டே அடிச்சா.” ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் சாரங்கபாணியின் குரல் இறங்கிவிடும். “நீ வேணும்னே வச்சிட்டேன்னு நெனச்சு, கொஞ்ச நேரம் நான் நின்னு பாத்துக்கிட்டிருந்துட்டேன்.”

முதல் தடவை அதைக் கேட்டபோது வைரக்கண்ணு எழுந்து போய்விட்டார். அடுத்த வருஷம் திரும்ப வந்து உட்கார்ந்தார். வேறு எங்கே போவார்? ஊருக்கெல்லாம் அம்சம் அடுப்படியில் செத்தவள். அந்தக் கொட்டகையில் மட்டும்தான் அவள் வயலில் நின்றாள்.

சாரங்கபாணி முதுமையில் இறந்தார். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். வாசலில் வைரக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டு அழுதார். வழக்குப் போட்ட மனுஷனுக்கா இவ்வளவு அழுகை என்று வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாரங்கபாணியின் மனைவி கமலாம்பாள் எழுந்து வந்து, “வயசான கட்டதானே வைரக்கண்ணு, ஏன் இப்படி அழுவுற?” என்றார்.

“எங்க அம்சத்தப் பாத்த கண்ணு மூடிடுச்சுங்கம்மா.”

கமலாம்பாளுக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், வயதாகிவிட்டது, எந்தச் சாவுக்கு அழுகிறோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை என்று மகனிடம் சொல்லி, அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.