பெயர் சொல்லாமல் செய்த ஜெபம்

சபையாரே, என் பேரன் ஏழு நாள் வெளிக்குப் போகவில்லை. அந்த நாட்களில் நான் என் சம்பந்திக்குக் கேடு வர வேண்டும் என்று முழங்காலில் நின்றேன். ஆண்டவர் பதில் தந்தார். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

போன ஆடியில் என் மகள் செல்வி பிரசவத்துக்காகப் பள்ளிபாளையத்தில் என் வீட்டில் இருந்தாள். குழந்தைக்கு நாற்பத்தைந்து நாள் ஆனபோது திடீரென்று வெளிக்குப் போவது நின்றது. முகம் சிவக்க முக்குவான், காலை உதைப்பான், ஒன்றும் வராது. மூன்றாம் நாள் எடப்பாடியிலிருந்து சம்பந்தி பால்பவுடர் டின்னோடு வந்து இறங்கினாள்.

தெருவே கேட்கச் சொன்னாள்: "உங்க புள்ளைக்குப் பாலே ஊறலீங்க. அதான் பையனுக்கு வவுறு காஞ்சு கெடக்குது. ஞாயித்துக்கெழம நானே ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போயி டின் பாலு குடுத்துக்கறேன்."

"பையன மட்டுமுங்களா, தொட்டிலையும் சேத்துங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். 

செல்வி அழுதாள். அழ அழ பால் குறைந்தது. "புள்ளயத் தூக்கிட்டுப் போயிருவாங்களாம்மா?" என்று என் முந்தானையைப் பிடித்தாள்.

அன்று முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, இந்தப் பிஞ்சுக்குக் கெடுதல் செய்தவள் யாரோ, அவளை நாலு பேர் முன்னால் தலைகுனிய வையும்." பெயர் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன். அங்கேதான் ஏமாந்தேன்.

ஏழாம் நாள் சனிக்கிழமை. குழந்தையோடு மூவரும் அரசு சுகாதார நிலையத்துக்குப் போனோம். நர்சு வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். எடை போட்டாள்.

"வாந்தி இல்லீங்களே? ஒண்ணுக்கு நல்லாப் போறானா? அப்பறம் என்னங்க? தாய்ப்பால் குடிக்கற புள்ளைக இந்த வயசுல அஞ்சாறு நாள் போகாம இருக்கறது உண்டு. வவுறு மெத்துனு இருக்குது, எடையும் ஏறியிருக்குது. பால் இல்லாமயா ஏறும்?"

என் நெஞ்சு குளிர்ந்தது. சம்பந்தியின் முகத்தை ரசிக்கத் திரும்பினேன். அதற்குள் நர்சு குழந்தையைப் புரட்டினாள்.

"இதென்ன பின்னால புண்ணு? வெத்தலக் காம்ப உட்டது யாரு?"

வரிசையில் நின்ற அத்தனை தலையும் திரும்பியது.

நான்தான். வெளிக்குப் போகட்டும் என்று விளக்கெண்ணெயில் தோய்த்து, மகளுக்கும் தெரியாமல், மூன்று நாளாக.

"நாந்தாஞ் சாமி," என்றேன்.

"என்னங்க அம்மாயி, பிஞ்சு ஒடம்பு! உள்ள கிழிஞ்சிருந்தா என்ன பண்ணுவீங்க?"

தலைகுனிந்தேன். கேட்டபடியே, எழுத்துக்கு எழுத்து நடந்தது. சம்பந்தி எல்லாப் பல்லையும் காட்டினாள்.

அப்போது நர்சின் கண் சம்பந்தியின் கூடையில் எட்டிப் பார்த்த பால்புட்டிமேல் விழுந்தது. "இது யாரு வேலைங்க?"

பல் மறைந்தது. "ரெண்டு வேளதானுங்க குடுத்தேன்..."

"இதக் குடுத்துக் குடுத்துத்தான் தாய்ப்பால் கொறையறது, மலம் இறுகறது. இனி தாய்ப்பால் மட்டுந்தான். ரத்தம் வந்தாலோ வவுறு உப்புனாலோ ஒடனே தூக்கிட்டு வாங்க. ரெண்டு பேரும் கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

குனிந்த தலையை நிமிர்த்தாமலே நான் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன்.

ஞாயிறு அன்று சம்பந்தி தனியாகத்தான் கிளம்பினாள், புதுப் பட்டுச் சேலையில். "ஒரு முத்தம் குடுத்துட்டுப் போறேன்" என்று பேரனை மடியில் வைத்தாள். அவன் ஒரு முக்கு முக்கினான். எட்டு நாள் சரக்கு! கடுகு அரைத்த மஞ்சளில், மடியிலிருந்து கொசுவம் வரை இறங்கியது. முடித்துவிட்டுச் சிரித்தான். அதை நான் கேட்கவே இல்லை, சபையாரே. அது ஆண்டவர் போட்ட கொசுறு.

புண் ஆறியது. செல்விக்குப் பால் திரும்பியது. பேரன் தாய் மடியிலேயே கொழுகொழுவென்று இருக்கிறான். வெற்றிலை இப்போது என் வாய்க்கு மட்டும்தான், காம்போடு சேர்த்து.

உங்களுக்கும் ஒரு சம்பந்தி இருப்பாள். பழி வாங்கித் தரும்படி தாராளமாகக் கேளுங்கள், அவர் கேட்பார். முழங்கால் போடும் முன் உங்கள் விரலை மட்டும் ஒருமுறை மோந்து பாருங்கள், விளக்கெண்ணெய் வாசம் வருகிறதா என்று.