வெள்ளை மாடல்

நான் பாக்கெட் வடிவமைப்பவள். உப்பு, மக்ரூன், நெத்திலிக் கருவாடு, சுக்குக் கருப்பட்டி என்று தூத்துக்குடியிலிருந்து வெளியூர் போகும் சரக்குகளில் சிலவற்றின் மேலட்டை என் மாடியறையில் இருக்கும் கணினியில் செய்தது. ஃப்ளெக்ஸ் வேலை மட்டும் எடுப்பதில்லை. அதற்குத் தனிக் கடைகள் உண்டு. என் வாழ்க்கையில் ஒரே ஒரு ஃப்ளெக்ஸ்தான் செய்திருக்கிறேன். அது என் கணவருக்காக.

அவர் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்த்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே வந்தவர் குளியலறை வாசலில் உட்கார்ந்தார். பிறகு சாய்ந்துவிட்டார். வயது நாற்பத்து மூன்று. ஆஸ்பத்திரியில் இதயத்துடிப்பைப் பார்த்தார்கள், கையை விரித்தார்கள். பத்து மணிக்கு அவரை ஹாலில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம்.

எனக்கு அழுகை வரவில்லை. பெட்டியின் மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரோ காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். சொந்தக்காரப் பெண்கள் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழும்போதெல்லாம் அவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரை மணி இருக்கும். கொழுந்தனார் செல்போனோடு என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“மதினி, ஃப்ளெக்ஸ் கடையில இருந்து போஸ்டர் மாதிரி அனுப்பிருக்கான். பேரு, தேதி சரியான்னு மட்டும் பாருங்க. சரின்னா அடிக்கச் சொல்லிருதேன்.”

பார்த்தேன். நீல வானம், இரண்டு புறா, அடியில் தாமரைக் குளம். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று சிவப்பு எழுத்து, ஒவ்வொரு எழுத்திலிருந்தும் ஒரு சொட்டு விழுந்துகொண்டிருந்தது. அவர் பெயரை இடம் நிரப்புவதற்காக இருபக்கமும் இழுத்திருந்தார்கள். எழுத்துகள் மிதிபட்டவை போலக் கிடந்தன. பெயரில் ‘ழ’ வர வேண்டிய இடத்தில் ‘ள’ இருந்தது.

படம், நாங்கள் திருச்செந்தூர் போனபோது எடுத்தது. அதில் நான் அவர் தோளில் கை போட்டு நின்றிருந்தேன். கடைக்காரர் என்னை வெட்டி எடுத்திருக்கிறார், அவசரத்தில் விரல்களை விட்டுவிட்டார். என் கணவரின் இடது தோளில் நான்கு விரல்கள் யாருடையதோ போல ஒட்டிக்கொண்டிருந்தன.

“நான் செஞ்சு தாரேன்” என்றேன்.

“இப்பமா? நீங்க இருங்க மதினி. திருத்தச் சொன்னா அவன் திருத்திருவான்.”

நான் எழுந்து மாடிக்குப் போனேன். யாரும் தடுக்கவில்லை, முகம் கழுவப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

மூலப் படம் என் கணினியில் இருந்தது. என்னை வெட்டி எடுத்துவிட்டு, பின்னணியை வெள்ளையாக்கினேன். பிறகு சட்டையின் கோடுகளைப் பக்கத்திலிருந்து நகலெடுத்து, விரல்களின் மேல் ஒவ்வொன்றாக ஒட்டினேன். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டி விரல். சட்டை சாம்பல் கோடு போட்டது, கோடு சேர வேண்டும். சேராமல் விட்டால் தோள் உடைந்த மாதிரி தெரியும். பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். அந்த நேரத்தில் எனக்குக் கோடு மட்டும்தான் இருந்தது. கீழே யாரோ ஒப்பாரி வைத்தார்கள். அது பக்கத்து வீட்டில் ஓடும் டிவி போலக் கேட்டது.

பெயரை மெல்லிய கறுப்பு எழுத்தில் வைத்தேன். எழுத்துகளுக்கு நடுவே நிறைய இடம் விட்டேன். அடியில் ‘தோற்றம்’, ‘மறைவு’. மறைவுக்கு நேரே தேதியைத் தட்டினேன். கணினியின் மூலையிலும் அதே தேதிதான் இருந்தது. வேறொன்றும் சேர்க்கவில்லை.

திரும்பியபோது அத்தை, அவருடைய அம்மா, கதவருகே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

“என்னளா செய்யுத?”

“போஸ்டர் அத்தை.”

கிட்ட வந்து கணினித் திரையைப் பார்த்தார். “பூ கூட வைக்கலியே.”

“வேண்டாம்னு பட்டுச்சு.”

“எம்புள்ள முகம் தெளிவா இருக்கு” என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிப் போனார்.

கடைக்குப் படமாக மட்டும் அனுப்பினேன், ஃப்ளெக்ஸ் மதியம் தெருமுனையில் ஏறியது. புருஷன் கிடக்கும்போது இவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள் என்று பேசினார்கள். பதினாறாம் நாள் காரியத்தன்று என் காதுபடவே ஒரு சித்தி சொன்னார். பேசியது சரிதான், நான் உட்கார்ந்துதான் இருந்தேன். அதனால் எனக்குக் கோபமும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த ஃப்ளெக்ஸ் கடை அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, செருப்பில்லாத காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு கேக்கணும்மா. தப்பா எடுத்துக்கிடக் கூடாது.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“நாலஞ்சு பேரு வந்துட்டாங்க. அந்த வெள்ளை மாடல்தான் வேணுங்காங்க. நானும் போட்டுப் பாத்தேன், அப்படி வர மாட்டேங்கு. எங்கயோ இடிக்கி.”

“எழுத்துக்கு நடுவுல இடம் விடணும். பேரை இழுக்கக் கூடாது.”

“அதாம்மா வர மாட்டேங்கு. நீங்க அனுப்புனது வெறும் படம்லா. அந்த மூல ஃபைலு கிடைச்சா...”

அவரை இருக்கச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். கோப்பைத் திறந்து, படத்தை அழித்தேன். பெயரை அழித்து அந்த இடத்தில் ‘பெயர்’ என்று அடித்தேன். தேதிகளை அழித்தேன். ஒரு சாம்பல் நிறக் கட்டம் மட்டும் மிஞ்சியது, அதற்குள் ‘படம்’ என்று எழுதினேன். எல்லாமே பத்து நிமிட வேலை. பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஊருக்குள் அங்கங்கே பார்க்கத் தொடங்கினேன். மீன் மார்க்கெட் பக்கம் ஒரு பெரியவர். பழைய பஸ் ஸ்டாண்டு சுவரில் கல்லூரிப் பெண் ஒருத்தி. எல்லோரும் அதே வெள்ளையில், அதே இடைவெளியோடு. எனக்கு ஏதாவது தோன்ற வேண்டும் என்று எதிர்பார்த்தேன். பெயர் அரை அங்குலம் கீழே இறங்கியிருப்பதுதான் கண்ணில் பட்டது.

போன மாதம் உப்பு பாக்கெட் விஷயமாக மாப்பிள்ளையூரணி போயிருந்தேன். முதலாளி நான் கொடுத்த மூன்று மாதிரியில் ஒன்றை எடுத்துக்கொண்டு, எழுத்தை மட்டும் பெரிதாக்கச் சொன்னார். சரி என்று வந்து பஸ்ஸுக்கு நின்றேன். நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளை ஃப்ளெக்ஸ், அதில் காது நிறையப் பாம்படம் போட்ட ஒரு கிழவி. அதைப் பார்த்தபடி, கையில் காய்கறிப் பையோடு என் வயதில் ஒருத்தி நின்றாள்.

“எங்க அம்மா” என்றாள், நான் கேட்காமலே.

“எப்பம்?”

“வெள்ளியோட பதினோரு நாளு.” பையைத் தரையில் வைத்தாள். “ஆரு செஞ்சாகளோ, முகத்த மறைக்காமச் செஞ்சிருக்காக. பூவும் புறாவுமாப் போட்டா ஆளே தெரியாதுல்லா.”

“ஆமா.”

“தெனமும் கடைக்குப் போறப்ப செத்த நேரம் நின்னு பாத்துட்டுப் போவேன்.”

நான்தான் செய்தேன் என்று சொல்லவில்லை. பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் வரை அவளோடு நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் வந்தேன்.