சித்தப்பாவின் கடைசிப் புள்ளி

இது நடந்தது. கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னார்கள்? எனக்கு இது பட்டப்பகலில், மதியம் 2.17க்கு நடந்தது.

போர்க்காலம். துறைமுகக் கிடங்குக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வரும் மோர்ஸ் செய்திகளை எழுதுவது என் வேலை. புள்ளியும் கோடும் எல்லோருக்கும் ஒன்றுதான். அடிக்கும் கை ஆளுக்கு ஆள் வேறு. கேட்டவுடனே யாரென்று சொல்லிவிடுவோம். தாளின் ஓரத்தில் 'அவர் கைதான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் செய்தி மேலே போகும்.

முன்பு என் பக்கத்து நாற்காலியில் இருந்தவரை எல்லோரும் சித்தப்பா என்போம். வாசல் வரை போய், திரும்பி நின்று இன்னொரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டார். மோர்ஸிலும் அப்படித்தான். செய்தி முடிந்து, ஒரு மூச்சு விட்டு, ஒரு புள்ளி கூடுதலாகத் தட்டுவார். இரண்டு மாதமாக அவர் எதிரிக் கரையில் ஒரு மலையில் ஒளிந்திருந்து, கப்பல்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று காலை பத்து மணிக்கு அவர் செய்தி. "வளைகுடா காலி." கடைசிப் புள்ளி இருந்தது. ஆனால் மூச்சு விடாமல் உடனே விழுந்தது. மூன்று நாளாகவே அப்படித்தான். அவசரம் போல என்று விட்டுவிட்டேன், கையெழுத்துப் போட்டேன். அதை நம்பி நான்கு மணிக்கு நானூறு பேர் படகில் கிளம்ப இருந்தார்கள். அதில் ஒருவன் என் தம்பி.

மணி 2.17.

டக்... டக் டக்...

வழக்கமான இரைச்சல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து மேசையில் தட்டுவது போல அவ்வளவு சுத்தம். சங்கேதச் சொற்களும் இல்லை, நேரடிப் பேச்சு.

"வர வேண்டாம். மூன்று போர்க்கப்பல். மலைக்குப் பின்னால்."

ஒரு மூச்சு. பிறகு... டக்.

அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"எதிரி வேலை. கிழிச்சுப் போடு."

"இது சித்தப்பா கை சார்."

"காலையில வந்ததுக்கும் நீதானே கையெழுத்துப் போட்ட?"

"போட்டது தப்பு. என் தப்பு."

அதிகாரி என் ஹெட்போன் ஒயரைப் பிடுங்கி எறிந்தார்.

டக்... டக் டக்...

நிற்கவில்லை.

ஒயரின் முனை தரையில் கிடந்தது. அவருக்கு எதுவும் கேட்கவில்லை. என் காதில் அதே செய்தி... அதே மூச்சு...

டக்.

பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. யார் கை என்று உறுதியான எச்சரிக்கை வந்தால் படகு நின்றாக வேண்டும், அது விதி. தொலைபேசியை எடுத்துப் படகுத்துறைக்குச் செய்தியைப் படித்தேன். "அவர் கைதான்," என்றேன்.

"உன்னை உள்ள தள்ளிடுவேன்!"

"தள்ளுங்க. என் தம்பி போகமாட்டான்."

தள்ளினார். நான்கு மணிக்குப் படகு கிளம்பவில்லை. ஐந்தரைக்கு எங்கள் விமானம் மலைக்குப் பின்னால் மூன்று போர்க்கப்பல்களைப் பார்த்தது. ஆறு மணிக்குக் கதவு திறந்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அந்த 2.17 செய்தி எழுதிய தாளைக் கொடுக்கவில்லை. இன்றும் என்னிடம்தான் இருக்கிறது.

ஐந்து வாரம் கழித்து அந்த மலை எங்கள் வசமானது. எதிரி விட்டுப்போன பதிவேட்டில் சித்தப்பா இருந்தார். பிடிபட்டது செவ்வாய் காலை. சுட்டுப் புதைத்தது செவ்வாய் மாலை. எனக்கு அந்த 2.17 வந்தது வெள்ளிக்கிழமை.

இடையில் அவர் பெயரில் ஏழு செய்திகள் வந்திருந்தன. ஏழின் ஓரத்திலும் 'அவர் கைதான்' என்று என் கையெழுத்து இருக்கிறது.