கோழி அடைக்கிற வார்த்தை

இன்னைக்கு எங்க தீவுல, சவுசவு ஊர் படகுத்துறையில என்கிட்ட முட்டை வாங்க ஒரு ஸ்பானிஷ் அம்மா வந்தாங்க. பாய்மரப் படகுல தனியாவே வந்திருக்காங்களாம்.

"நேரமாச்சு, போய் கோழி அடைக்கணும்"னு இங்கிலீஷ்ல சொன்னேன்.

"எங்க பாஷையில அது 'என்செர்ரார்'. ஆடுமாட்டைப் பட்டியில அடைக்கவும் அதான், மனுஷனை உள்ள வச்சுப் பூட்டவும் அதான்"னாங்க. "இந்த வார்த்தையைச் சத்தமா சொல்லியே மூணு மாசமாச்சு. உங்க பாஷையில என்ன?"

"அடைக்கிறது"ன்னேன்.

எங்க வீட்டுக்காரர் தவறினதுக்கப்புறம் ஒரு மனுஷிகிட்ட நான் சொன்ன முதல் தமிழ் வார்த்தை அது. இந்தத் தீவுல வளர்ந்த எங்க பிள்ளைங்களுக்கு எல்லாம் ஹிந்திதான் வரும்.

வீட்டுக்கு வந்து, "உள்ள போங்கடி"ன்னு கோழிங்களை அடைச்சேன். தமிழ் நல்லாவே புரியுது அதுங்களுக்கு. பதில்தான் பேசமாட்டேங்குதுங்க.

நீங்களாவது கீழ கமெண்ட்ல ஒரு வரி தமிழ்ல போடுங்க.