பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு கடைத்தெரு

எனக்குப் பயம் வந்தால் விக்கல் வரும். சிலருக்கு வியர்க்கும், சிலருக்குக் கை நடுங்கும். அதெல்லாம் கௌரவமான பயங்கள். கைக்குட்டையால் துடைத்துக்கொள்ளலாம், சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்ளலாம். விக்கலை எங்கே ஒளித்து வைப்பது? பெண் பார்க்கப் போன அன்று பஜ்ஜிக்கும் காப்பிக்கும் நடுவில் ஆரம்பித்தது, கல்யாணத் தேதி பேசி முடிக்கும்வரை நிற்கவில்லை. அதுதான் என்னுடைய உண்மையான ஜாதகம் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

இப்படிப்பட்டவனைத்தான், செகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கடைத்தெரு வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளராகப் போட்டார்கள். தேர்தல் கூட்டத்துக்கு நான் போகவில்லை. வராதவன் தலையில் கட்டுவதுதான் எங்கள் தேர்தல் முறை.

அங்கே எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அந்த வருடங்களில் ஊரே மேற்குப் பக்கம் சரிந்துகொண்டிருந்தது. சாஃப்ட்வேர் கம்பெனிகள், மால்கள், மேம்பாலங்கள் எல்லாம் அந்தப் பக்கம். என் மகளுக்கும் அங்கேதான் வேலை. ஒரு நாள் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். என் கடைக் கண்ணாடி இல்லை, மாலில் வாங்கியது. ஏன் என்று கேட்டேன். "டாடி, அக்கட செக்யூரிட்டி உந்தி" என்றாள். அங்கே காவல் இருக்கிறதாம். கண் டாக்டர் எழுதித் தந்த பவரை விட வாசலில் நிற்கும் யூனிஃபார்ம்தான் கண்ணாடியை விற்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மாநகராட்சிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பழைய பஜார்களைப் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கல் பதித்த நடைபாதை, புது விளக்குக் கம்பங்கள், மக்களும் போலீசும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் காவல். தெரு முனையில் ஒரு போலீஸ் பூத், கேமராக்கள், பச்சை ஜாக்கெட்டும் விசிலும் மாட்டிய தொண்டர்களாக நாங்கள். கல்லும் விளக்கும் அவர்கள் செலவு. பூத்தும் கேமராவும் எங்கள் செலவு. விளக்கம் சொல்ல வந்த அதிகாரி சிரிக்காமல் சொன்னார்: "வெளிச்சம் நாங்க குடுப்போம். அந்த வெளிச்சத்துல யார் நிக்கிறான்னு பாக்கறது உங்க பொறுப்பு." நாங்கள் பூத்துக்குப் பணம் கட்டாவிட்டால் கல், விளக்கு எல்லாம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். பக்கத்துத் தெருவில் இரண்டு கண்ணாடிக்கடைகள் இருக்கின்றன. எனக்கு முதல் விக்கல் அங்கேயே வந்துவிட்டது.

வசூலுக்குப் போனேன். பாத்திரக்கடை, மிட்டாய்க்கடை, வாட்ச் கடை எல்லோரும் முனகிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சம் தந்தார்கள். மீதியை எல்லாம் ஒரே ஆள் தருவதாகச் சொன்னார். தெருவிலேயே பெரிய பட்டுப்புடவைக் கடை முதலாளி. காஞ்சிபுரத்துக்குப் போய்ப் போய் அவருக்குத் தமிழ் வரும். அது விலை பேசுகிற தமிழ்.

"செக்ரட்டரி காரு, பணம் ரெடி. பூத் மேல மூணு பக்கம் நம்ம கடை பேரு. சரியா?"

"சரிங்க."

"இன்னொண்ணு. அந்தச் சாவிக்காரன் போகணும். பூத் அவன் உக்கார்ற இடத்துலதான் வரணும்."

என் கடை வாசலில், வேப்ப மரத்தடியில், ஒரு மரப்பலகை நிறையச் சாவிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். டூப்ளிகேட் சாவி போட்டுத் தருபவர். தெருவுக்கே அவர் சாவி பாய். அவருடைய அப்பாவும் என் அப்பாவும் ரயில்வே பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அவர் அப்பா ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஃபிட்டர். மெட்டுகுடா குவார்ட்டர்ஸில் ஒரே வரிசையில் வளர்ந்தோம். வீட்டில் அவர்கள் உருது, எங்களோடு தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

"அவர் என்னங்க பண்ணாரு?" என்றேன்.

"போன மாசம் நம்ம கடையில திருட்டு போச்சே, மறந்துட்டீங்களா? எதிர்லயே எல்லாப் பூட்டும் தெறக்கத் தெரிஞ்சவன் உக்காந்திருக்கான். அவனையும் வச்சுக்கிட்டு அவன் தலைக்கு மேல கேமராவும் வைப்பாங்களா?"

திருட்டு நடந்தது உண்மை. ஆனால் திருடன் பின்பக்க ஷட்டரைக் கடப்பாரையால் வளைத்துத்தான் உள்ளே போனான். வளைந்த தகட்டைத் தெருவே வரிசையில் நின்று பார்த்தது. சாவி வைத்திருப்பவன் எதற்குக் கடப்பாரையைத் தூக்குகிறான் என்று கேட்க வாயைத் திறந்தேன். விக்கல்தான் வந்தது. முதலாளி எனக்குத் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். "நாளைக்குக் கூட்டத்துல தீர்மானம் போட்டுடுங்க. எஸ்.ஐ. வர்றாரு. அவர் முன்னாடி போட்டாத்தான் மதிப்பு."

தண்ணீரைக் குடித்துக்கொண்டே தலையை ஆட்டினேன். தண்ணீர் குடிக்கும்போது எல்லோருக்கும் தலை ஆடும், அதற்குச் சம்மதம் என்று அர்த்தம் இல்லை என்று வெளியே வந்தபிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்னொரு பயமும் இருந்தது, அதை யாரிடமும் சொல்ல முடியாது. என் கடை ஷட்டரின் மாற்றுச் சாவி சாவி பாயிடம்தான் இருந்தது. காலையில் மெட்டுகுடா வீட்டிலிருந்து கிளம்பி வந்து, ஷட்டருக்கு முன்னால் நின்று சட்டைப்பையைத் தடவி, திரும்ப ஆட்டோ பிடித்துப் போன நாட்கள் அதிகமான பிறகு செய்த ஏற்பாடு. மனைவிக்குக்கூடத் தெரியாது. தெருவிலேயே இப்படி ஒரு முட்டாள்தனம் செய்தவன் நான் ஒருவன்தான் என்று நம்பியிருந்தேன். எஸ்.ஐ. நாளைக்கு பாயின் சாமான்களைப் புரட்டிப் பார்த்து என் சாவியை எடுத்தால்? சங்கச் செயலாளர், காவல் தொண்டர், சந்தேகப்படும் ஆளிடம் சாவி கொடுத்தவர். மூன்றும் நானே.

சாயங்காலம், கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, செருப்பு வார் அறுந்தவன் போல மரத்தடியில் குனிந்தேன்.

"பாய், அந்தச் சாவி..."

"ஹவ் ண்ணே, இருக்கு. இன்னிக்கும் மறந்துட்டீங்களா?" பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார்.

உள்ளே கொத்துக் கொத்தாகச் சாவிகள். ஒவ்வொன்றிலும் எதையாவது கட்டியிருந்தது. என்னுடையதில் கண்ணாடிக்கு மாட்டும் கறுப்புக் கயிறு. இன்னொன்றில் மிட்டாய்ப் பெட்டி கட்டும் சிவப்பு நூல். ஒன்றில் கடிகாரத் தோல்வார்.

"பாய்! இதெல்லாம் யாரோடது?"

"கைக்கு ண்ணே, எதுக்குக் கேக்கறீங்க? உங்களுது என்கிட்ட இருக்குன்னு நான் யார்கிட்டயாவது சொன்னேனா?"

அந்தக் கயிற்றைப் பிடித்து இழுக்கக் கை வரவில்லை. குனிந்த வாக்கிலேயே முதலாளியின் நிபந்தனையைச் சொன்னேன். நாளைக்குக் கூட்டம், எஸ்.ஐ. வருகிறார், இந்த இடம் பூத்துக்குப் போகப் பார்க்கிறது. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் செருப்பையே பார்த்தேன்.

அவர் ஒரு சாவியை அரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க இன்னா சொல்லப் போறீங்க?"

"நான் செயலாளர் பாய். நான் படிக்கத்தான் செய்வேன்."

"படிங்க ண்ணே" என்றார். டப்பாவை மூடினார்.

வீட்டில் சாப்பிடும்போதும் விக்கல். "என்ன, எந்த ஊர் போலீஸ் பிடிக்க வருது?" என்றாள் மனைவி. சொன்னேன். அவள் ரசத்தை ஊற்றிவிட்டு, "அந்த மனுஷன் எந்திரிச்சுப் போயிட்டார்னா காலையில ஷட்டரை யாருங்க தெறப்பா?" என்று கேட்டாள். சாவி விஷயம் அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேனே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

கூட்டம் பாத்திரக்கடை மாடியில். எவர்சில்வர் குடங்களுக்கு நடுவில் நாற்காலிகள். எஸ்.ஐ. சமீபத்தில்தான் மாற்றலாகி வந்தவர், சித்தூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். தெருவையும் ஆட்களையும் இன்னும் சரியாகத் தெரியாது. பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள். தட்டில் சமோசா. முதலாளி முன்வரிசையில்.

"படிங்க" என்றார் முதலாளி.

எழுந்தேன். "நமது தெருவின் பாதுகாப்பை முன்னிட்டு..." என்று ஆரம்பித்தேன். விக்கல். "நடைபாதையில் உள்ள..." மறுபடி விக்கல். சுற்றிலும் இருந்த குடங்கள் அதைத் திருப்பிச் சொல்லின. யாரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் உட்கார்ந்திருப்பேன்.

அப்போது படியில் ஆள் ஏறும் சத்தம். சாவி பாய் செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்தார். கையில் அந்த டப்பா. நேராக மேஜைக்கு வந்து சமோசாத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தார்.

"போறதுக்கு முன்னாடி இவங்க சாமானைக் கொடுத்துட்டுப் போறேன் சார்."

எஸ்.ஐ. எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. "என்னய்யா இது?"

"கடைச் சாவிங்க சார்."

"யார் கடை?"

"அவங்கவங்க எடுத்துக்குவாங்க. நான் பேர் சொல்ல மாட்டேன்."

எஸ்.ஐ. நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். "யாருது சார் இது? எடுத்துக்கங்க."

ஒருவரும் அசையவில்லை. மிட்டாய்க்கடைக்காரர் தன் விரல் மோதிரத்தைப் பார்த்தார். வாட்ச் கடைக்காரர் ஜன்னலைப் பார்த்தார். எல்லோருக்கும் ஒரே கணக்கு: திருட்டு போன தெருவில், போலீஸ் எதிரில், இவரிடம் சாவி கொடுத்து வைத்தவன் நான்தான் என்று முதலில் யார் சொல்வது? மற்றவர்களும் கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"யாருதும் இல்லையா?" எஸ்.ஐ. டப்பாவின் மேல் கையை வைத்தார். குரல் தணிந்துவிட்டது, அந்தக் குரல்தான் பயமுறுத்தியது. "இவ்ளோ கடைச் சாவி, சொந்தக்காரன் ஒருத்தன்கூட இல்ல. அப்ப இதுக்கு என்ன அர்த்தம் பாய்? வா, ஸ்டேஷன்ல உக்காந்து பேசுவோம்."

கான்ஸ்டபிள் ஒரு அடி முன்னால் வந்தார். பாய் யாரையும் பார்க்கவில்லை. பார்த்தால் காட்டிக் கொடுத்ததாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மனிதருக்கு இடம் போவதுதான் ஆபத்து என்று நேற்றுவரை நினைத்திருந்தேன். இப்போது எங்கள் மௌனமே அவரைத் திருடனாக்கிக்கொண்டிருந்தது.

வீரமாக எழுந்தேன் என்று எழுத ஆசைதான். ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன். வாயைத் திறந்தேன். "என்னு..." விக்கல். "என்னுது சார். கறுப்புக் கயிறு." விக்கல். "நான்தான் கொடுத்தேன். நான் மறதிக்காரன்." கை டப்பாவுக்குள் போய், கயிற்றைப் பிடித்து எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தது. பூச்சியைப் பிடித்தவன் போல நின்றிருப்பேன்.

கொஞ்ச நேரம் என் விக்கல் மட்டும் கேட்டது.

பிறகு வாட்ச் கடைக்காரர் இருமிக்கொண்டே எழுந்தார். "அந்தத் தோல்வார் என்னுது." மிட்டாய்க்கடைக்காரர், "பையன் கொடுத்திருப்பான்" என்று முணுமுணுத்துக்கொண்டே சிவப்பு நூலை எடுத்தார். அப்புறம் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்த மாதிரி எல்லோரும் மேஜையைச் சூழ்ந்தார்கள். எஸ்.ஐ. வாயைக் கையால் மூடிக்கொண்டார். அவருக்கும் விக்கலோ என்று பார்த்தேன். சிரிப்பு.

கடைசியில் டப்பாவில் ஒரே ஒரு சாவி கிடந்தது. அதில் ஜரிகைக் கரைத் துண்டு ஒன்று கட்டியிருந்தது. எங்கள் தெருவில் ஜரிகை விற்பது ஒரே கடை.

யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. முதலாளி மின்விசிறியைப் பார்த்தார், வேட்டி மடிப்பைச் சரிசெய்தார், எழுந்துவந்து சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: "பூத்தை அந்த டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் வைங்க. ஆனா எழுத்து பெருசா இருக்கணும் செக்ரட்டரி காரு." பணம் தருவதிலிருந்து அவர் பின்வாங்கவில்லை. எழுத்தும் பெரிதாகத்தான் வந்தது. போலீஸ் என்ற சொல்லை அதற்கடியில் தேட வேண்டியிருக்கும். கண்ணாடிக்கடைக்காரனுக்கு அதில் ஒரு சின்ன லாபம்.

தீர்மானக் காகிதத்தை மடித்து அதில் சமோசாவை வைத்து பாயிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. காலி டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கல் பதித்தார்கள், விளக்கு வந்தது, பூத் வந்தது. பாய் வேப்ப மரத்தடியிலேயே இருந்தார். பச்சை ஜாக்கெட்டில் எனக்குத் தொப்பைக்கு மேல் பொத்தான் சேரவில்லை. விசிலை ஊதிப் பழகும்போது நாய்கள் மட்டும் மரியாதை கொடுத்தன. மகள்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கேமராவைப் பார்த்து, "பரவாலேது டாடி" என்றாள். கண்ணாடி மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு காலை. ஜாக்கெட் மாட்டியிருந்தேன், விசில் கழுத்தில் தொங்கியது, சாவி மெட்டுகுடாவில் இருந்தது. மாற்றுச் சாவி? அதைப் பத்திரமாகக் கடைக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தேன். புதுக் கல்லில் உட்கார்ந்தேன். பாய் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கம்பியோடு எழுந்துவந்து ஷட்டரைத் திறந்துவிட்டார். மற்றவர்களிடம் வாங்கும் கூலியையே என்னிடமும் வாங்கிக்கொண்டார். முன்பெல்லாம் வாங்கியதில்லை.

உள்ளே ஓடி மாற்றுச் சாவியை எடுத்துவந்தேன். கறுப்புக் கயிறு அப்படியே இருந்தது.

"பாய், இதை நீங்களே வச்சுக்குங்க. பழையபடி."

"நக்கோ ண்ணே, வேணாம்." அரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்திருந்தார். குரலில் கோபம் இல்லை. "போலீஸ்கிட்ட குடுங்க. அதுக்குத்தானே எல்லாரும் காசு போட்டீங்க."

திரும்பிப் பார்த்தேன். எந்த மந்திரி எந்தப் பக்கம் போகிறாரோ, பூத் கான்ஸ்டபிளை அங்கே காவலுக்கு அனுப்பியிருந்தார்கள். பூத் பூட்டியிருந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். விக்கல் வரும் என்று காத்திருந்தேன். அன்றைக்கு அதுவும் வரவில்லை.