முந்திப் பாடிய இரண்டு கட்டங்கள்

1993-ஆம் ஆண்டின் இளவேனிற்காலத்தில், தென்கொரியாவின் டேகு நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் இசைத்துறையில், பதினேழாம் எண் பயிற்சி அறையின் வாசலில்தான் இன்ஹே முதன்முதலாக மல்சூனைச் சந்தித்தாள். ஓபராப் பாடகியாகும் கனவோடு முதலாண்டில் சேர்ந்திருந்த இன்ஹேவுக்கு வயது பத்தொன்பது. பாட்டு மாணவர்களுக்குப் பியானோ வாசிப்பதற்காக ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டிருந்த மல்சூனுக்கு இருபத்தெட்டு. பயிற்சி அறை கிடைப்பதற்காக இன்ஹே காலை ஆறு மணியிலிருந்து வரிசையில் நின்றிருந்தாள். தனிச்சாவி வைத்திருந்த மல்சூனோ, உள்ளே சாவகாசமாக அமர்ந்து சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், எனக்கு இன்னிக்கு...”

“டீச்சர்னு கூப்பிட்டா சம்பளத்தக் கூட்டிடுவாங்களா? அக்கான்னு கூப்பிடு. பாதிக் கிழங்கு வேணுமா?”

“பாடறதுக்கு முன்னாடி சாப்பிடக் கூடாதுன்னு புரொபசர் சொன்னாரு.”

“வாசிக்கறதுக்கு முன்னாடி சாப்பிடக் கூடாதுன்னு என்கிட்ட யாரும் சொல்லல.” மல்சூன் கிழங்கை முழுவதுமாகத் தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

அவளுடைய வேலை முறையே தனி. புதிய பாட்டு ஒன்றைத் தொடங்குமுன், பாடுகிறவர் எங்கெங்கே மூச்செடுக்க வேண்டுமோ, அங்கெல்லாம் இசைத்தாளில் பென்சிலால் சின்னதாக ஒரு கீற்றுப் போடுவாள். பிறகு அந்த இடங்களில் தானும் கூடவே மூச்செடுப்பாள். “நீ மூச்சு வாங்க மறந்தா, இங்க நான்தான்டி செத்துப்போறேன்” என்பாள். முதுகு காட்டி நின்று பாடினாலும், பாடுகிறவரின் மூச்சைக் கேட்டே அடுத்த ஒலி எப்போது வரும் என்பதை அறிந்துவிடுவாள்.

ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அத்துறையினர் முழு ஓபரா ஒன்றை மேடையேற்றுவார்கள். அதன் மூன்று மாத ஒத்திகைக்கும் பியானோவில் அமர்பவரைத்தான் நகரத்து ஓபரா அரங்கினர் வேலைக்கு அழைப்பது வழக்கம். ஒன்பது ஆண்டுகள் காத்திருந்த பிறகு, 1996-ஆம் ஆண்டில் அந்த இருக்கை மல்சூனுக்கு என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். குளிர்காலத்திலேயே அவள் ஓபராவின் இசைநூலை வாங்கிவிட்டாள். எல்லாப் பாத்திரங்களுக்கும் மூச்சுக் கீற்றுகளைப் போட்டும் முடித்துவிட்டாள்.

நாயகியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு மே மாதத்தில் நடந்தது. பாடுவது யார் என்று நடுவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, மேடைக்கும் அவர்களுக்கும் இடையே கறுப்புத் திரையைத் தொங்கவிடுவார்கள். எண்ணை மட்டுமே அழைப்பார்கள். திரைக்கு இந்தப் பக்கம் பாட்டைத் தவிர ஒரு செருமல்கூடக் கேட்கக் கூடாது.

இன்ஹே நான்காவதாகப் பாடினாள்; பியானோவில் மல்சூன். பாட்டின் நடுவில், பாடகி வாய்மூடி நிற்க, பியானோ மட்டும் எட்டுத் தாளக் கட்டங்கள் தனித்து ஒலிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நூறு முறை பாடிய பாட்டுத்தான். ஆயினும் அன்று ஆறாம் கட்டம் முடிந்ததுமே, எட்டும் முடிந்துவிட்டது என்று எண்ணி அவள் மூச்சை இழுத்தாள். இழுத்த பிறகுதான் தவறு புரிந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை.

அந்த மூச்சு மல்சூனுக்குக் கேட்டது. இன்ஹேயின் குரல் எழுவதற்குள் அவள் இரண்டு கட்டங்களைத் தாண்டி, குரல் மீண்டும் தொடங்கும் இடத்துக்குத் தாவிவிட்டாள். தாவிய அவசரத்தில் இடக்கை தவறான கட்டைகளில் விழுந்தது. குரல் மட்டும் பழுதில்லாமல் எழுந்தது.

திரைக்கு அப்பால் இருந்தவர்களுக்குப் பியானோதான் வழி தவறியதாகத் தோன்றியது. தேர்வு முடிந்ததும் துறைத்தலைவர் தாழ்வாரத்துக்கு வந்தார். “பியானோ ரெண்டு கட்டம் தாவியும், அசராம கூடவே போய்ப் பிடிச்சியே. அதுதாம்மா மேடைக்கு வேணும்” என்று இன்ஹேயின் தோளைத் தட்டினார். பிறகு மல்சூனின் பக்கம் திரும்பினார். “என்ன ஆச்சு உனக்கு?”

மல்சூன் ஒரு நொடி இன்ஹேயைப் பார்த்தாள்.

“இன்னிக்குப் பிறந்த நாள் சார். காலைல கடற்பாசி சூப் குடிச்சேன். கை வழுக்கிடுச்சு.”

அந்நாட்டில் பிறந்த நாளில் அந்தச் சூப்பைக் குடிக்காதவர் இல்லை. தேர்வு நாளில் அதைத் தொடுபவரும் இல்லை. கடற்பாசியைப் போலத் தாமும் வழுக்கி விழுந்துவிடுவோம் என்ற அச்சம் எல்லாருக்கும் உண்டு. தாழ்வாரத்தில் நின்றவர்கள் அனைவரும் சிரித்தார்கள். இன்ஹேயும் சிரித்தாள்.

நாயகி வேடம் இன்ஹேவுக்குக் கிடைத்தது. ஒத்திகை இருக்கையில் வேறொருவரை அமர்த்தினார்கள். அதைச் சொன்ன அன்றே மல்சூன் தன் இசைநூலைக் கொண்டுவந்து இன்ஹேயின் கையில் திணித்தாள்.

“இந்தா, வச்சுக்கோ. புது ஆளுக்கு உன் மூச்சு பழகறதுக்குள்ள இலையெல்லாம் உதிர்ந்துடும்.”

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று இன்ஹே நினைத்தாள். “நன்றிக்கா” என்று மட்டும் சொன்னாள். இலையுதிர்காலத்தில், அந்தப் பென்சில் கீற்றுகளில் மூச்செடுத்துத்தான் அவள் மூன்று நாள் நிகழ்ச்சியிலும் பாடினாள். கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. மறு ஆண்டு அவள் இத்தாலிக்கு மேற்படிப்புக்குச் சென்றாள். மல்சூனின் ஒப்பந்தத்தைத் துறையினர் புதுப்பிக்கவில்லை.

அதன்பின் மல்சூன் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திலும், சனிக்கிழமைகளில் திருமண மண்டபங்களிலும் வாசித்தாள். ஒரே நாளில் ஆறு மணப்பெண்களைப் பியானோ வாசித்தே மணமேடைக்கு நடத்திக் கூட்டிவந்ததாகப் பெருமையாகச் சொல்வாள். நாடு திரும்பி, தான் படித்த துறையிலேயே பேராசிரியையாகிவிட்ட இன்ஹே, அறுவடைத் திருநாள் தோறும் அவளுக்குப் பேரிக்காய்ப் பெட்டி அனுப்பினாள். குளிர்காலத்தில் உடம்புக்கு வலுவூட்டும் ஜின்செங் வேர் அனுப்பினாள். பெட்டி ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகிக்கொண்டே போனது. “ஒண்டிக்கட்டைக்கு எதுக்குடி இத்தனை பேரிக்காய்? மண்டபத்துச் சமையக்காரங்க உன்னைக் கும்பிடறாங்க” என்று மல்சூன் தொலைபேசியில் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் இன்ஹேவுக்குத் தாழ்வாரத்தில் தான் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வரும். ஏதேனும் காரணம் சொல்லி அழைப்பைத் துண்டித்துவிடுவாள்.

2019-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், மாணவர் தேர்வொன்றில் அவள் நடுவராகத் திரைக்கு அப்பால் அமர்ந்திருந்தாள். ஏழாம் எண் பாடிக்கொண்டிருந்தபோது பியானோ திடீரென்று தடுமாறி ஒரு கட்டம் தாவியது. பக்கத்திலிருந்த இளம் பேராசிரியர் தாளில் குறித்துக்கொண்டே, “பியானோ வாசிக்கறவர் சொதப்பிட்டார். இவரை அடுத்த தடவை கூப்பிட வேண்டாம்” என்று கிசுகிசுத்தார்.

“பாடினவங்க முந்திட்டாங்க. அவர் காப்பாத்தினார்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?”

“பியானோ தாவறதுக்கு முன்னாடியே மூச்சு கேட்டுச்சு.” சற்று நிறுத்திவிட்டு இன்ஹே தொடர்ந்தாள். “நானும் அப்படி முந்தினவதான்.”

அவர் சங்கடத்தோடு தாளில் எழுதியதை அடித்தார். உரியவளிடம் ஒருநாளும் சொல்லாததை, முன்பின் அறியாத ஒருவருக்காக இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டோமே என்ற எண்ணம் இன்ஹேயின் உடம்பைக் கூசச் செய்தது.

அப்போது மல்சூனுக்கு வயிற்றில் புற்றுநோய் முற்றியிருந்தது. அந்த வாரமே இன்ஹே, நோயாளிகளுக்கென்று வைக்கும் கடல்நத்தைக் கஞ்சியும் அந்தப் பழைய இசைநூலும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். மல்சூன் கஞ்சியை மூடி வைத்துவிட்டு நூலைப் புரட்டினாள்.

“இந்த மூச்செல்லாம் இருபத்திரண்டு வயசுக்காரிக்குப் போட்டது. இப்ப பாடினா வரிக்கு நாலு கீத்து வேணும் உனக்கு.”

“அக்கா, அன்னிக்கு முந்தினது நான்தான்.”

மல்சூன் பக்கத்தைப் புரட்டுவதை நிறுத்தவில்லை. “வாசிச்சது நான்தானேடி. என்கிட்டயே வந்து புதுச் சேதி மாதிரி சொல்றே.”

“நான் வாயைத் திறந்திருக்கணும்.”

“ஆமா. திறந்திருக்கணும்.”

அவள் ‘பரவாயில்லை’ என்று சொல்வாள் என்று இன்ஹே காத்திருந்தாள். அவள் சொல்லவில்லை.

“நீ பேசாம நின்னதைக்கூட மறந்துட்டேன். சின்னப் பொண்ணுதானே, பயம்னு நினைச்சுக்கிட்டேன். எல்லாரோடயும் சேர்ந்து சிரிச்சே பாரு, அதுதான் போக மாட்டேங்குது.” மல்சூன் நூலை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். “அன்னிக்குக் காலைல அம்மா சூப் வச்சாங்க. இன்னிக்கு இன்ஹேக்குத் தேர்வு, குடிக்க மாட்டேன்னு தள்ளி வச்சுட்டு வந்தேன். ஒரு வாய்கூட வைக்கல. சாயந்திரம் போய்ப் பார்த்தா, யாரும் குடிக்காம அம்மா கொட்டிட்டாங்க.”

இன்ஹேவால் தலை நிமிர முடியவில்லை. புறப்படும் வேளையில், கஞ்சிப் பாத்திரத்தை மல்சூன் அவளிடமே நீட்டினாள்.

“இதை எடுத்துட்டுப் போ, எறங்க மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை வரும்போது கடற்பாசி சூப் வச்சுக் கொண்டா. கடையில வாங்கக் கூடாது. நீயே வைக்கணும்.”